ஆண் என் வீட்டில், பெண் அண்ணன் வீட்டில்

கதவைத் திறந்தால் அண்ணன். கையில் வாளி.

வாளியைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். விளிம்பில் பேட்டரி ஏர் பம்ப் தொங்கியது. மூடிக்கு அடியில் குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

வந்துவிட்டான். இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டிருந்தவன் பெண் மீனைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டான். பொய் சொல்வானேன், எனக்கு அரை அங்குலம் உயரம் கூடியது.

எங்கள் சிவப்பு டிஸ்கஸைத் தெரியாத மீன்காரர் இந்த ஊரில் கிடையாது. தட்டு மாதிரி வட்டமான மீன். குஞ்சுகள் பெற்றவர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் பசையைத் தின்றுதான் வளரும். வீட்டில் நடக்கிற காரியமா இது என்று கடைக்காரர் சிரித்தார். எட்டுக் குஞ்சுகளை வாங்கிவந்து, நானும் அண்ணனும் கூடத்துத் தொட்டிகளிலேயே நடத்திக் காட்டினோம். ஒன்பது வருடம், ஐந்து தலைமுறை. அந்தச் சிவப்பு வேறு எவனிடமும் இல்லை.

பிறகு பாகம் பிரித்தோம்.

பீரோ, பாத்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. சிவப்பு மங்கிய மற்ற மீன்களை முன்பே விற்றாயிற்று. மிஞ்சியது ஒரே ஜோடி. அதில்தான் மல்லுக்கு நின்றோம். சமாதானம் பேச வந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரிபாதி என்றால் சரிபாதி. ஆண் எனக்கு, பெண் அவனுக்கு.

ஜோடி சேர்ந்த டிஸ்கஸ் லேசில் இன்னொன்றை ஏற்காது என்று தெரியாதா? தெரியும். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு பேர் செய்த காரியம்தான் இது. என்ன செய்ய, ரோஷம்.

என் ஆணுக்கு மூன்று பெண் பார்த்தேன். ஒன்றையும் அது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாவதை மூலைக்கே முட்டித் தள்ளியது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அங்கே பெண் மீன் தனியாக நான்கு முறை முட்டை போட்டதாம். ஆண் தொடாத முட்டை. இரண்டாம் நாளே வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போனதாம். இதெல்லாம் அண்ணி போனில் என் மனைவியிடம் சொல்வது. என் மனைவி துணி மடித்துக்கொண்டே, சுவரிடம் பேசுவதுபோல என் காதில் போடுவாள். பேச்சுவார்த்தை இல்லாதது அண்ணனுக்கும் எனக்கும்தான்.

இன்று மதியமும் அப்படித்தான் செய்தி வந்தது. பெண் மீன் காலையிலிருந்து முட்டையிடத் தொட்டியில் வைத்த மண்கூம்பை வாயால் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறதாம். அப்படியென்றால் சாயங்காலத்துக்குள் முட்டை. அதற்கும் ஐந்து வயது முடியப்போகிறது. போன தடவையே முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. இதுதான் கடைசி என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. இதையும் கோட்டை விட்டால் அந்தச் சிவப்பு எங்களோடு முடிந்தது.

“உங்க ரெண்டு பேர் வீராப்புக்கு அந்த வாயில்லா ஜீவன் என்னங்க பண்ணும்?” என்றாள் மனைவி.

இறங்கிப் போகிற ஆள் நான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

இதோ, அவன் இறங்கி வந்திருக்கிறான். நான் ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் அவன் வாயைத் திறக்கட்டும்.

அவன் குனிந்து துண்டை அவிழ்த்தான். மூடியை எடுத்தான். எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

விரலை விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. அவன் தொட்டித் தண்ணீரை, சூடு ஆறாமல், காற்றோட்டம் குறையாமல், இரண்டு தெரு தாண்டி நடந்தே சுமந்து வந்திருக்கிறான். என் மீனுக்கு வழியில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று.

“அவ கூம்பத் தொடச்சுக்கிட்டே இருக்காடா. ஆணக் குடு. நம்ம மீனுடா,” என்றான்.

கொடுக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறான். என் அண்ணன் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வேலை போனபோதுகூடக் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவனை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதற்காக உடனே இளகிவிட முடியுமா? ‘ம்’ என்று ஒரு உறுமல் மட்டும் விட்டேன். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தேன்.

கதவுக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டி இருந்தது. உள்ளே, காற்றடைத்த பாலித்தீன் பையில், ஆண் மீன் செவுள் மட்டும் அசைய நின்றது. மணி அடித்தபோது அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்திருந்தேன்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். பிறகு என் காலைப் பார்த்தான். வீட்டுக்குள் செருப்போடு நின்றிருந்தேன்.

முதலில் இறங்கி வந்தது அவன்தான். யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அரை நிமிடம்தான் முந்தினான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.