ஹில்மிக்கு ஓர் இரங்கல் விளம்பரம்

வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.

அவர்கள் நகர்ந்ததும் நான் ஹில்மியின் கையைப் பிடித்து, "போனவரின் மிச்சமுள்ள நாளெல்லாம் உங்கள் ஆயுளில் சேரட்டும்" என்று சொல்ல வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஊமைகூட உதட்டை அசைத்துவிட்டுப் போவான்.

நான் வாயைத் திறந்தால் தொலைந்தேன்.

ஹில்மிக்குப் பக்கத்தில் அவர் மகள் நெர்மீன் நிற்கிறாள். பெண்கள் பக்கம் இருக்க வேண்டியவள், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தவள் திரும்பிப் போகவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும்.

"ரவூஃப், குழு சார்பா நீயே ரெண்டு வார்த்தை பேசிடு. உனக்குத்தான் தொண்டை இருக்கு" என்று பின்னாலிருந்து ஷுக்ரி கிசுகிசுத்தான்.

இருக்கிறது, பாழாய்ப்போன தொண்டை. இருபது வருஷம் மைக்ரோபஸ் நிறுத்தத்தில் நின்று ஊர்ப்பெயர் கத்திய தொண்டை. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கள் குழு ஃபேஸ்புக்கில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் பாறைகளில் உட்கார்ந்து தூண்டில் போடும் எண்பது வெட்டிப்பயல்கள். விரல் நீள மீனை முழ நீளமாக்கிப் படம் போடுவோம். "கொஞ்சம் தள்ளிப் பிடி பாஷா, கேமராவைக் கடிச்சிடப் போகுது" என்று முதல் ஆளாக வந்து காலை வாருவார் ஹில்மி; எங்களுக்குள் எல்லோருமே பாஷாதான்.

குழுவில் ஒரு வழக்கம். மூன்று நாள் ஒருவர் சத்தமில்லாமல் இருந்தால் செத்துப்போனதாக வைத்துக்கொள்வோம். பேப்பரில் வருவதுபோலவே இரங்கல் விளம்பரம் போடுவோம். செத்தவர் ஒரு மணி நேரத்துக்குள் தானே வந்து நக்கலாகப் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆளாளுக்கு அவர் வீட்டுக்குப் போன் போட்டு ஒப்பாரி வைப்போம்.

போன வருஷம் ஷுக்ரி வீட்டில் அவன் மாமியார் எடுத்தாள். எங்களோடு சேர்ந்து அவளும் மாரடித்து அழுதாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

விளம்பரம் எழுதுவது எப்போதும் நான்தான். நேற்று காலையும் நான்தான்.

"மெக்ஸ் கடலின் மடவை மீன்களுக்குச் சம்பந்தியும், அபூகீர் நண்டுகளுக்குத் தாய்மாமனும், வாழ்நாளில் ஒரு மீனுக்கும் தீங்கு செய்யாதவருமான ஹில்மி பாஷா காலமானார். துக்கம் விசாரிக்க வருபவர்கள் இரையோடு வரவும்."

எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன். அரை மணியில் அறுபது பேர் சிரித்தார்கள். ஹில்மியிடமிருந்து மட்டும் பதிலில்லை.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் நான் முந்த வேண்டுமே!

போனை எடுத்தது ஒரு பெண்குரல். நான் ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயோ, இப்படிப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே! இனி நாங்க யாரைப் பார்ப்போம்!"

அந்தப் பக்கம் ஒரு விம்மல். பிறகு மெதுவாக, "அழாதீங்க மாமா. பொறுமையா இருங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "என்னமா நடிக்கிறே! அப்பனுக்குத் தப்பாத பொண்ணு!"

அவள் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன், குழுவில் போய்ச் சொல்லும் அவசரத்தில்.

எழுதத் தொடங்கும்போதே ஹில்மியின் பதில் வந்து விழுந்தது.

"இறந்தவன் நலம். என் தூண்டிலை எவனாவது தொட்டால் எழுந்து வந்துவிடுவேன். வீட்டுக்குப் போன் வேண்டாம், லைன் கோளாறு. கல்லறையில் டவர் நன்றாகக் கிடைக்கிறது."

குழு ஆர்ப்பரித்தது. ஆட்டம் அவர் பக்கம் முடிந்துவிட்டதால் நான் போன் செய்த கதையைச் சொல்லாமல் விட்டேன்.

சாயங்காலம் ஷுக்ரிதான் கூப்பிட்டுச் சொன்னான். ஹில்மியின் மனைவி மூன்று நாளாக ஆஸ்பத்திரியில். அன்று விடியற்காலையில் போய்விட்டாள். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது. எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டுக் கஷ்டத்தைக் குழுவில் கொட்டுகிற ஆளா அவர்!

அந்தப் பதிலை அவர் பிணவறை வாசலில் நின்று எழுதியிருக்கிறார். எழுதாவிட்டால் எண்பது பேர் வீட்டுக்குப் போன் போடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஒருவன் ஏற்கெனவே போட்டுவிட்டான் என்பது எனக்கு மட்டுமே தெரியும். இந்த ஒரு நாளும் விழாமல் நான் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அதுதான். சீ, வெட்கங்கெட்ட பிழைப்பு.

முன்னால் நின்றவர் நகர்ந்தார்.

ஹில்மி என் கையைப் பிடித்தார். ஒரே நாளில் தாடி வெளுத்திருந்தது. நெர்மீன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஹில்மி சட்டென்று என்னை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். என் வாய் அவர் சட்டையில் அழுந்தியது.

"இவருக்குத் தொண்டை கட்டிப்போச்சும்மா" என்று மகளிடம் சொன்னார். "மூணு நாளா பேச்சே இல்ல. கஷ்டப்பட்டு வந்திருக்கார். நீ பேச்சுக் குடுக்காதே."

ஷுக்ரி பின்னாலிருந்து ஏதோ சொல்ல வந்தான். ஹில்மி அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

"பாவம்" என்றாள் நெர்மீன். "துக்க வீட்டுச் சர்க்கரையில்லாத காப்பி குடிச்சா தொண்டை எரியும் மாமா. வெந்நீர் கொண்டுவரட்டுமா?"

நான் தலையாட்டினேன்.