சிரிக்க வேண்டிய காட்சி

ஆறு மணித்தியாலமும் பத்து நிமிடமுமாக மெற்றில்டா குழந்தைக்குப் பதிலாகத் துணி சுற்றிய தலையணையை அணைத்தபடி கட்டிலில் கிடந்தாள். கொட்டாஞ்சேனை வீட்டின் படுக்கையறை இன்று பிரசவ வார்ட். கணவர் ஜெரோம் தன் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார். அவராக அவரே நடிக்கிறார், அவளாக அவள். கமரா மகள் டில்ஷியின் கையில்.

பதினேழாவது தடவையும் பூச்செண்டோடு ஓடிவந்த ஜெரோம் சலித்துப்போய் நின்றார்.

"மெற்றி, முகத்தில சிரிப்பே இல்லை. இவள் பிறந்தண்டைக்கு நான் உள்ளுக்கு வரேக்கை எப்பிடிப் பார்த்தனீர்? அப்பிடிப் பார்த்தால் போதும்."

"அம்மாவுக்கு ஏலாது, விடுங்கோப்பா," என்றாள் டில்ஷி.

"நடந்ததைத்தானே செய்யச் சொல்லுறன்?"

மெற்றில்டா தலையணையைப் பக்கத்தில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"அண்டைக்கு அப்பா வரவே இல்லை, பிள்ளை."