கடைசி நூறு பக்கம்

“குடுக்க மாட்டேன்னா மாட்டேன்மா. அது மனுஷன் படிக்கற புக்கே இல்ல. சுத்த வேஸ்ட்!”

சொல்லிவிட்டு ரோஷினி அந்தத் தடிப் புத்தகத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்தாள்.

அம்மா ராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘உப்பு ராஜ்ஜியம்’, ஏழாம் பாகம். ரோஷினியும் கீழ்வீட்டு நிஷாவும் எட்டாம் வகுப்பிலிருந்து சேர்ந்து வாங்கிப் படிக்கிற ஆங்கிலத் தொடர். ஒருத்தி முடித்ததும் அடுத்தவளுக்கு. முடித்தவள் முடிவைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அது அவர்களுக்குள் சத்தியம். பெரியப்பா மகன் ரோஹித் வாய் தவறி ஆறாம் பாகத்து முடிவைச் சொல்லிவிட்டான் என்று, போன தீபாவளி முழுக்க அவனோடு பேசாமல் இருந்தவள் இந்த ரோஷினி.

“அவளும் சேர்ந்துதானே வாங்கினா? இப்ப அவ முறைதானே?”

“அதான் கதைய சொல்லிட்டேனே.”

“முடிவையுமா?”

“ஆமா. அதுல என்ன பெரிய முடிவு?”

சொன்ன லட்சணத்தையும் ராணி நேற்று மாடிப்படியில் காதால் கேட்டாள்.

“மைரா அந்த ஊத்துத் தண்ணியக் கண்டுபிடிச்சிடறா. கொஞ்சங் கொஞ்சமா உப்பா மாறிட்டிருந்த அவங்க அம்மா, தண்ணி பட்டதும் எழுந்து உக்காந்துடறாங்க. எல்லாரும் ஹேப்பி. அவ்ளோதான்டீ. கடைசி நூறு பக்கம் ஒரே போர். நீ படிக்காத.”

“அப்படியா? அம்மா பொழச்சிட்டாங்களா?” என்று நிஷா சிரிக்கப் பார்த்தாள்.

பாவம் அந்தப் பெண். அம்மா விஜிக்குக் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பிளஸ் டூ பரீட்சைக்கும் நடுவில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் இந்தப் புத்தகம். அதைக் கூடவா கொடுக்க மனசு வராது? இது யார் வழியில் வந்த குணம் என்று ராணி யோசித்தாள். புருஷன் ரவிச்சந்திரன் வழியில்தான். வீட்டில் எந்தக் கெட்ட குணமும் அவள் கணக்கில் அந்த வழியாகத்தான் வரும்.

கரூரிலிருந்து ஆவடிக்கு வந்து, யாரையும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, முதல் நாளே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவள் விஜி. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு துரோகமா?

அன்று மாலை ரோஷினி டியூஷனுக்குக் கிளம்பியதும், ராணி துணிகளை விலக்கிப் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

நிஷாதான் கதவைத் திறந்தாள்.

“இந்தாம்மா. அவ ஏதோ கிறுக்குத்தனம் பண்றா. நீ நிம்மதியா படி.”

புத்தகத்தைப் பார்த்ததும் நிஷாவின் முகம் மாறியது. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“ஆன்ட்டி, அவ வர்றதுக்குள்ள இத எடுத்த எடத்துலயே வச்சிடுங்க. ப்ளீஸ்.”

“ஏன்மா?”

“நான் படிச்சிட்டேன். புக் வந்த அன்னிக்கே, ஆஸ்பத்திரில உக்காந்து ஃபோன்லயே படிச்சிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு நேத்து ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு நின்ன?”

நிஷா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மைரா தண்ணியோட வந்து சேர்றதுக்குள்ள அவங்க அம்மா போயிடறாங்க ஆன்ட்டி. கடைசி நூறு பக்கமும் அதுதான். ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அப்படி அழுதேன்.”

ராணி கையிலிருந்த தடிப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ரோஷினிக்கு அந்த சீரிஸ்னா உசுரு. அதப் போய் வேஸ்ட்டுன்னு சொல்றா, முடிவு வேற புதுசா பண்ணிச் சொல்றா. எனக்காகத்தான். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியவே வேணாம் ஆன்ட்டி.”

காலையிலிருந்து மகளைத் திட்டித் தீர்த்த ஒவ்வொரு வார்த்தையும் ராணிக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. எதைக் காட்டிக்கொள்வது என்று தெரியாமல் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினாள்.

“யாரு, ராணியா?” உள்ளேயிருந்து விஜியின் குரல். “இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு பேசினு கீறீங்க? உள்ள வா.”

ராணி உள்ளே போனாள். விஜி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். இளைத்துத்தான் போயிருந்தாள். கண்ணில் மட்டும் பழைய குறும்பு அப்படியே இருந்தது.

“குந்து ராணி. நம்ம பொண்ணுங்க படிக்குதுங்களே உப்புக் கத, எனக்கு மருந்து ஏறசொல்ல இவ அதத்தான் சொல்லிகினு இருப்பா. நேத்துதான் முடிச்சா. அந்தப் பொண்ணு அவங்கம்மாவ எழுப்பி உக்கார வெச்சிட்டாளாமே?”

நிஷா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விஜி முன்னால் குனிந்து, ராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் ஊட்லதான புக்கு கீது? நீயாச்சும் மெய்யச் சொல்லு. நெசமாவே அந்தம்மா பொழச்சிச்சா, இல்ல எனக்காவ இவ எதுனா உட்டுகினு கீறாளா?”

இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்றைக்கூட வாழ்நாளில் திறந்து பார்க்காத ராணி, பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

“நானும் படிச்சேன்க்கா. அந்தம்மா நல்லா எழுந்து உக்காந்துடறாங்க. என்ன, அந்தக் கடைசி நூறு பக்கம்தான் கொஞ்சம் போர்.”