வடக்குக் கரடியின் வெறும் சட்டை

"என்ன புழுக்கம் கிழவி இந்த ஊர்ல!" என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார் ஒஸ்பான். பற்கள் மட்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"புழுக்கத்துலதான் ராத்திரி பூரா இருமுனீங்களாக்கும்," என்றாள் மனைவி ரவ்ஷான். "கோட்டைப் போட்டுக்கிட்டு இறங்குங்க. நாலு பேர் பார்த்தா தலையா போயிடும்?"

"தலைதான் போயிடும்!"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். வடகோடிப் பவ்லதாரில் உறைபனியில் நின்று தண்டவாளம் செப்பனிட்ட மனிதர். மகனோடு இருக்கத் தெற்கே ஷிம்கெண்ட் வந்த முதல் குளிர்காலத்தில், இதெல்லாம் ஒரு குளிரா என்று வெறும் சட்டையோடு முற்றத்தில் உலாவினார். அக்கம்பக்கத்தார் வாயைப் பிளந்து 'வடக்குக் கரடி' என்று பட்டம் கட்டினார்கள். வேலை, கூட்டாளிகள், சொந்த வீடு எல்லாவற்றையும் விட்டு வந்தவருக்குப் புது ஊரில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

ஆனால் இது மூன்றாவது குளிர்காலம். சொல்லாமல் கொள்ளாமல் அவர் உடம்பும் தெற்கத்தி உடம்பாகிவிட்டது. அதை நாலு பேரிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

அவர் இறங்கிப் போனதும் ரவ்ஷான் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, வாசல் கதவுக்குப் பின்னே நின்றாள். முற்றத்தில் இளவெயில். பெஞ்சில் வழக்கமான மூவரும் ஆட்டுத்தோல் கோட்டும், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழ்வீட்டு துர்சின்பெக் தொப்பியைச் சற்றே தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவம், காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"வாங்க ஒஸ்பான் அகா! எங்களுக்கெல்லாம் எலும்பு வரைக்கும் நடுங்குது. நீங்களும் ஏதாவது மேல போட்டுக்கலாமே?" என்றார் துர்சின்பெக்.

"இந்தக் குளிருக்கா? எங்க ஊர்ல இந்த மாதிரி நாள்ல கைக்குழந்தைய வெளியில தூங்கப் போடுவோம் தம்பி!"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. விழுங்கப் பார்த்தார், கண்ணில் நீர் முட்டியது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரவ்ஷான் கதவுக்குப் பின்னே இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி சந்தி சிரிக்கும்.

துர்சின்பெக் எழுந்து, பெஞ்சுக்கடியில் இருந்த துணிப்பையிலிருந்து எதையோ உருவினார். நீல வெல்வெட்டில் பொன்சரிகை போட்ட, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனமான ஷாபன் அங்கி!

"குளிரையே ஜெயிச்ச மனுஷனுக்கு இந்த முற்றத்தோட மரியாதை!" என்று அதை ஒஸ்பானின் தோளில் போர்த்தினார். மற்ற இருவரும் கை தட்டினார்கள்.

தோளில் போர்த்திய ஷாபனை மறுத்தால் போர்த்தியவர் முகத்தில் அறைந்த மாதிரி. "எனக்கு எதுக்குப்பா? வேர்க்குமே..." என்றார் ஒஸ்பான். அதற்குள் அவர் கைகள் அங்கியின் இரு ஓரங்களையும் மார்போடு இழுத்துச் சேர்த்திருந்தன. "சரி, உங்க மனசு கோணக் கூடாது. குளிர்காலம் முடியற வரைக்கும் போட்டுக்கறேன்."

மாப்பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரொட்டிக் கடைப் பக்கம் நடந்தார். ரவ்ஷானுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்லவேளை, இந்த அப்பாவிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை!

ஒஸ்பான் முனையில் திரும்பி மறைந்தார். பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

"நாம கோட்டு போட்டா அவரும் வெக்கப்படாம போடுவாருன்னு பாத்தா, மனுஷன் இன்னும்ல முறுக்கிக்கிட்டாரு! இத்தனை நாளா வெந்து செத்தோம்," என்றார் ஒருவர்.

"அதான் இப்பப் போட்டுக்கிட்டாரே," என்றார் துர்சின்பெக். "கழட்டுங்கப்பா!"