காந்தம் ஒட்டாத கதவு

மதிய வெயிலில் மகனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கண்ணைக் கூச வைக்கிறது. பழைய கார்களின் விலைப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி அப்பா நிற்கிறார். “இதுல போட்டிருக்கிற விலையில ஒரு பைசாகூடக் குறைக்க மாட்டேங்க.” தரகர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் காரின் உடம்பெங்கும் வைத்துப் பார்க்கிறார். டக், டக்கென்று ஒட்டுகிறது. மற்ற இடங்களைவிடப் பளபளக்கும் ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் ஒட்டாமல் வழுக்கித் தரையில் விழுகிறது. “நசுங்கின தகரத்துல முழுக்க புட்டி பூசி மறைச்சிருக்கு. பலமான அடி சார். புத்தக விலையில பாதிகூடத் தேறாது.” குனிந்து காந்தத்தை எடுத்தவர், “ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்கிறார். அப்பா எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். “அவர் கேக்கிறாரில்ல,” என்கிறாள் வாசற்படியில் அம்மா. “அதையும் புத்தகத்தைப் பாத்தே சொல்லுங்க.”