விழுங்கும் சத்தம்

இந்துமதி கல்யாணத்துக்கு முன்பு பாடிய ஒரே இசைத்தட்டைக் கேட்டுத்தான் தயாபரன் அவளைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டான். அந்தக் குரலுக்காகவே இப்போது ரெக்கார்ட் பிளேயருக்கு முள்ளோடு சேர்ந்த புது கார்ட்ரிட்ஜ் வாங்கினான். முள் உயர்ந்த ரகம்தான், ஆனால் அதிலிருந்து வரும் சிக்னல் மிகவும் மெலிது. ஒலியைப் பெருக்கும் பெட்டியான பழைய ப்ரீஆம்ப்பால் அதைத் தூக்கிவிட முடியாமல், குரலைவிட இரைச்சல்தான் பெரிதாக வந்தது. அதற்கு ஏற்ற ப்ரீஆம்ப்பை அலைந்து பிடித்து, பின்பக்கத்துச் சின்னச் சுவிட்சுகளை மாற்றி மாற்றித் தள்ளி, ஒருவழியாக இன்று இரண்டும் பொருந்தின. கண்ணை மூடி உட்கார்ந்தான். குரலுக்கு முன்பே உதடு பிரியும் ஈரச் சத்தம் வந்தது. பல்லவி முடிந்ததும் தொண்டையில் சளி நகர்ந்தது. பிறகு அவள் எச்சிலை விழுங்கினாள், நிதானமாக, அவன் காதுக்குள்ளேயே விழுங்குவதுபோல. முள்ளைத் துடைத்தான், தட்டைத் துடைத்தான், மறுபடி வைத்தான். எச்சில் அங்கேயேதான் இருந்தது. சீ, இத்தனை வருஷமாக இதைத்தானா கொஞ்சிக்கொண்டிருந்தோம் என்று தன் வாயையும் துடைத்துக்கொண்டான். சமையலறையிலிருந்து இந்துமதி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“என்னங்க பண்ணீங்க? இன்னைக்குத்தான் இது நான் பாடுன மாதிரியே இருக்கு!”

அவள் கண் கலங்கியிருந்தது. தயாபரனின் விரல் பின்பக்கத்துச் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது. “இன்னொரு தடவை போடுங்களேன்” என்று அவன் தோளில் முகவாயை வைத்தவள், அவன் காதருகே எச்சிலை விழுங்கினாள்.