வாசெக் நிற்பார்

ஒரு தேசத்தின் மனசாட்சி ஒரே ஒரு மனிதனின் முதுகெலும்பை நம்பி நிற்கும் தருணம் வரலாற்றில் எப்போதாவதுதான் வரும்.

வாஷிங்டனில் அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. தேசத்தின் பிரதிநிதிகளில் பெரும்பாலானோர் அப்போது விமான நிலையத்தில் இருந்தார்கள்.

பிரதிநிதிகள் சபையில் மிஞ்சியிருந்தவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் எல்டன் வாசெக்.

செலவு மசோதா சபைக்கு வந்திருந்தது. அன்றைக்குள் நிறைவேறாவிட்டால் அரசாங்கம் கதவைச் சாத்த வேண்டியதுதான். வாரக்கணக்கில் பேரம் பேசி, இரண்டு கட்சித் தலைவர்களும் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யார் பெயரையும் பதிவு செய்யாமல், குரல் வாக்கெடுப்பில் முடித்துவிடுவது. மசோதாவும் பிழைக்கும், ஊருக்குப் போய் அதைத் திட்டவும் செய்யலாம்.

அதில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது.

யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து நின்று, சபையில் போதிய ஆள் இல்லை என்று சொன்னால் போதும். பெயர் பெயராக வாக்கெடுக்க வேண்டும். அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது? மசோதா அங்கேயே செத்துப்போகும்.

இந்த மாதிரி செலவு மசோதா வந்தால் அப்படி எழுந்து நிற்பேன் என்று சொல்லித்தான் எல்டன் வாசெக் தேர்தலில் ஜெயித்தார். நெடுஞ்சாலை ஓரத்தில், சோளக்காட்டுக்கு மேலே, விளம்பரப் பலகைகளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்: ‘எல்லோரும் உட்கார்ந்தாலும் வாசெக் நிற்பார்.’

அதை நம்பி ஒரு பஸ் நிறைய ஆட்கள் நெப்ராஸ்காவிலிருந்து வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் டார்லீன் ஓல்சன். எல்டனுக்காக இரண்டு தேர்தலிலும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட அம்மாள்.

அன்று காலையில்தான் எல்டனுக்கு அவருடைய அண்ணன் கர்டிஸ் போன் செய்திருந்தார், ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி. அந்தப் பிரிவுக்கான பணம் இந்த மசோதாவில்தான் இருந்தது. மசோதா போனால் பிரிவும் போகும்; அதை விட்டால் தொலைவில் ஓமாஹா நகரம்தான்.

“நில்லுடா, தாராளமா எழுந்து நில்லு. அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் என்னை ஓமாஹாவுக்குக் கூட்டிட்டுப் போக வண்டியோட வந்து வாசல்ல நில்லு.”

சொல்லிவிட்டு கர்டிஸ் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு போனில் டயாலிசிஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்று சொல்லவும்,” என்றார் தலைமை நாற்காலியில் இருந்த பெண்மணி.

நாலைந்து பேர் தொண்டையைச் செருமிக்கொள்வது போல் ‘ஆம்’ என்றார்கள்.

“எதிர்ப்பவர்கள்?”

“இல்லை!”

எல்டன் போட்ட சத்தத்தில் கீழே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றியிருந்தவர்களும் கத்தினார்கள். காது உள்ள யாருக்கும் எது பெரிய சத்தம் என்று தெரிந்திருக்கும்.

“‘ஆம்’ என்றவர்களே அதிகம்,” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

அதுதான் வழக்கம். யாரும் ஆச்சரியப்படவில்லை.

முடிந்தது என்று தட்டுவதற்கு அவர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ஆட்சேபிக்கிறவர் எழுந்திருப்பதற்கு விடுகிற இடைவெளி அது.

பின்வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்டனைப் போலவே தொண்டை கிழியக் கத்திய நியூ ஜெர்சியின் கார்லா ஃபுஸ்கோ, பக்கத்து இருக்கையில், கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

“என்ன எல்டன், உங்க ஊரே மேல உட்கார்ந்து பார்க்குது,” என்றார் பைக்குள்ளிருந்து முகத்தை எடுக்காமல். “நிக்கறதுன்னா நில்லுங்க. எனக்குக் கார் சாவியக் காணோம்.”

எல்டன் இருக்கையின் கைப்பிடியைப் பற்றினார். முழங்கால்கள் தயாராகத்தான் இருந்தன.

மாடத்தில் டார்லீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

ஊசி ஏறி ஏறி, முறுக்கிய கயிறாய்ப் புடைத்துக் கிடக்கும் கர்டிஸின் இடது கை எல்டனுக்கு ஞாபகம் வந்தது. முதல் விளம்பரப் பலகைக்குக் குழி தோண்டிக் கம்பம் நட்ட கை.

எல்டன் குனிந்தார்.

முன்னிருக்கையின் முதுகுக்குக் கீழே தலை மறையும் வரை குனிந்தார்.

சுத்தியல் விழுந்தது.

அவர் நிமிரவில்லை. பெரும்பான்மைக் கட்சித் தலைவர் அடுத்த வார அலுவல்களை வாசிக்கத் தொடங்கினார். ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டும் மசோதா முதலில் வந்தது. அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எல்டன் தலையைத் தூக்கினார். முகம் சிவந்திருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. நெடுநேரம் குனிந்திருந்தால் யாருக்கும் அப்படி ஆகும்.

வெளியே நடைகூடத்தில் நெப்ராஸ்கா ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தீங்களா அநியாயத்த!” அவர்கள் வாயைத் திறப்பதற்குள் எல்டன் முந்திக்கொண்டார். “எழுந்திருக்கத்தான் போனேன் டார்லீன். ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்துச்சு. தடுக்கி விழுந்தா நல்லாவா இருக்கும்? கட்டிட்டு நிமிர்றதுக்குள்ள தட்டிட்டாங்க, திருட்டுப் பசங்க!”

டார்லீன் தலையாட்டினார். பிறகு அவருடைய பார்வை மெல்லக் கீழே இறங்கியது. மற்றவர்களுடையதும் இறங்கியது.

அன்று எல்டன் வாசெக் போட்டிருந்தது கௌபாய் பூட்ஸ். அதற்கு லேஸ் கிடையாது.